அனுப்பப்பட்டவரும் அழைக்கப்பட்டவரும்

அயர்லாந்து தேசத்தின் தென்பகுதியில் கார்க் என்றொரு நகரம் உண்டு. அந்நகரத்து விமான நிலையத்தில் ஆங்கிலேயர் ஒருவரின் உருவச்சிலை வைக்கப்பட்டிருக்கிறது. அவர் படைத்தலைவரல்லர், கவர்னரல்லர், பிரபு வமிசத்தவருமல்லர். தூண்டில் போட்டு மீன் பிடிப்பவரின் கோலத்தில் அச்சிலை அமைந்திருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்து, கால்பந்தாட்டத்தில் தடுப்பாட்டக்காரராய் இருபது வருஷம் உழைத்து, பின்னர் அயர்லாந்துக் கோஷ்டிக்கு ஏறத்தாழப் பத்து வருஷம் மானேஜராயிருந்த ஜாக் சார்ல்டன் என்பாரே அவர்.

கார்க் எத்தகைய நகரம் என்பதை எண்ணிப் பார்த்தால் இச்செய்தியின் விசேஷம் விளங்கும். 1920-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அந்நகரின் மேயர் டெரன்ஸ் மக்ஸ்வினி, லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் 74 நாள் உண்ணாவிரதமிருந்து உயிர் நீத்தார். அதே வருஷம் டிஸம்பரில் ஆங்கில அரசாங்கத்தின் துணைப்படையினர் அந்நகரின் நடுப்பகுதிக்குத் தீ வைத்தனர். டப்ளின் நகரிலோ, ஆங்கிலக் கடற்படைத் தலைவர் நெல்சனின் சிலையைத் தாங்கி நின்ற பெருந்தூண் 1966 மார்ச்சில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. ஆங்கிலேயரின் சிலையைத் தகர்த்த தேசம் ஆங்கிலேயர் ஒருவருக்குச் சிலை எடுத்தது எப்படி? இக்கேள்வியையே இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அரசியல் ஊழியர்களுக்குப் பந்தாட்டச் செய்தி எதற்கு என்று கேட்போர் சற்றே பொறுத்திருக்குமாறு வேண்டுகிறோம்.

சுரங்கமும் பந்தும்

சார்ல்டன் 1935 மே 8-ஆம் தேதி, இங்கிலாந்தின் வடகோடியிலுள்ள நார்தம்பர்லாந்து ஜில்லாவில் ஆஷிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். நிலக்கரியே அவ்வூரின் ஜீவனம். தகப்பனார் சுரங்கத்தில் வேலை செய்தவர். தாயார் சிஸ்ஸி பந்தாட்டக் குடும்பத்தில் பிறந்தவர்; நியூகாஸில் கோஷ்டியில் பெரும்புகழ் பெற்ற ஜாக்கி மில்பர்ன் அவருக்கு உறவினர். ஜாக்குக்கு இரண்டு வயது இளையவர் தம்பி பாபி. தம்பியின் கால்களில் பிறவியிலேயே வித்தை குடிகொண்டிருந்தது. சிறு வயதிலேயே அவர் கீர்த்தி பரவிப் பெரிய கிளப்புகள் அவரைத் தேடி வந்தன. அண்ணனிடம் அத்தகைய வித்தை இல்லை. நெடிய உடலும் பிடிவாதமுமே இருந்தன.

பதினைந்தாம் வயதில் லீட்ஸ் கிளப்பிலிருந்து ஜாக்குக்கு ஓர் அழைப்பு வந்தது. அதை முதலில் மறுத்துவிட்டுத் தகப்பனாரின் தொழிலையே ஏற்றுச் சுரங்கத்தில் இறங்கினார். அங்குள்ள இருளையும் தூசியையும் நேரிற் கண்டபின், அவ்வேலை தமக்கு ஆகாதென்று விரைவிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். பின்பு போலீஸ் உத்தியோகத்துக்கு மனுப் போட்டார். போலீஸ் பேட்டியும் லீட்ஸ் கிளப்பின் பரீட்சை ஆட்டமும் ஒரே சமயத்தில் குறுக்கிட்டன. ஆட்டத்துக்கே போவதென்று முடிவு செய்தார். அந்த ஒரு முடிவே அவருடைய ஜீவிய மார்க்கத்தை வகுத்தது.

1953 ஏப்ரல் மாதம், இரண்டாம் டிவிஷனில் டான்காஸ்டர் கோஷ்டியை எதிர்த்து லீட்ஸ் கோஷ்டிக்காக முதன்முறை ஆடினார். அதன் பிறகு இரண்டு வருஷம் கட்டாய ராணுவ சேவை. திரும்பி வந்த இளைஞர் எளிதில் அடங்குபவராயில்லை. பயிற்சியாளர்களோடு வாதாடுவார், தமக்குச் சரியென்று பட்டதைவிட்டு நகரமாட்டார். 1961-இல் டான் ரெவி என்பவர் லீட்ஸின் மானேஜராக வந்து, கண்டிப்பும் நம்பிக்கையும் கலந்து அவரை உருவாக்கினார். 1964-இல் லீட்ஸ் முதல் டிவிஷனுக்கு உயர்ந்தது. 1969-இல் லீக் பட்டம்; 1972-இல் இங்கிலாந்து சங்கக் கோப்பை; 1968-லும் 1971-லும் ஐரோப்பிய நகரங்களின் கோப்பை. இவை யாவற்றிலும் சார்ல்டனுக்குப் பங்குண்டு. 1973-இல் விளையாட்டிலிருந்து ஓய்வு பெறுமட்டும் அவர் வேறு கிளப்புக்கு ஆடியதில்லை. லீக் ஆட்டங்கள் மட்டும் 629. லீட்ஸ் கிளப்பில் அத்தனை ஆட்டம் ஆடியவர் வேறெவருமில்லை.

தடுப்பாட்டக்காரரின் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கோல் போடுகிறவனின் பெயரை ஊரெல்லாம் சொல்லும். பந்தைத் தடுத்து நிறுத்துகிறவனின் பெயரோ, அவன் ஒருமுறை தவறினால்தான் வெளியே வரும். தொண்ணூறு நிமிஷம் விழித்திருந்து ஒரு கணம் அயர்ந்தவனுக்கு அந்தக் கணமே பேராகிவிடும். பொதுவாழ்வில் உழைப்பவர்கள் இந்நியாயத்தை அனுபவத்தால் அறிவார்கள். கூட்டத்தில் பேசியவரின் பெயர் பத்திரிகையில் வரும். பந்தல் போட்டவரின் பெயர் பந்தல் சரிந்தால்தான் வரும்.

1966

இங்கிலாந்துக் கோஷ்டியின் மானேஜர் ஆல்ப் ராம்சே 1965 ஏப்ரலில் சார்ல்டனை முதன்முறை தேசக் கோஷ்டிக்கு அழைத்தார். அப்போது அவருக்கு முப்பது வயது நிறைய ஒரு மாதமே இருந்தது. மற்ற ஆட்டக்காரர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் வயது அது. தம்மை ஏன் தெரிந்தெடுத்தீர்கள் என்று பின்னொருகால் அவர் ராம்சேயைக் கேட்டாராம். மிகச் சிறந்த ஆட்டக்காரர்களையே எப்போதும் எடுப்பதில்லையென்றும், தம் திட்டத்துக்குப் பொருந்துகிறவர்களையே எடுப்பதாகவும் விடை வந்ததாகச் சார்ல்டனே சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு. அந்த விடையை அவர் மறக்கவில்லை என்பது பின்னால் விளங்கும்.

1966 ஜூலை 30-ஆம் தேதி வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் உலகக் கோப்பைக்காக மோதின. இங்கிலாந்து 2—1 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிஷமே பாக்கி. அச்சமயம் சார்ல்டன் எதிரி ஒருவரோடு பந்துக்காக எழும்பியதில் குற்றம் கண்டு, நடுவர் ஜெர்மானியருக்குத் தனி உதை கொடுத்தார். அவ்வுதையிலிருந்து பிறந்த குழப்பத்தில் வெபர் என்பவர் கோல் போட்டார். கைக்கெட்டிய கோப்பை கைநழுவியது போலாயிற்று. கூடுதல் நேரத்தில் இங்கிலாந்து 4—2 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் சார்ல்டன் மைதானத்தில் முழந்தாளிட்டு முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். தம்பி பாபியும் அதே கோஷ்டியில் ஆடினார். ஒரே சுரங்க வீட்டிலிருந்து இரண்டு பேர் உலகக் கோப்பை வென்ற பெருமை ஆஷிங்டனுக்குக் கிடைத்தது. மறு வருஷம் பத்திரிகைக்காரர்கள் சார்ல்டனையே அவ்வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்று தெரிந்தெடுத்தனர்.

அவர் குற்றமற்றவரென்று நாம் சொல்லவில்லை. தமக்குத் தீங்கிழைத்த ஆட்டக்காரர் சிலரின் பெயர்களைக் கறுப்புப் புத்தகத்தில் குறித்து வைத்திருப்பதாகவும், சமயம் வாய்த்தால் திருப்பிக் கொடுப்பதாகவும் 1970-இல் அவர் டெலிவிஷனில் பேசியது பெருத்த கண்டனத்துக்கு ஆளாயிற்று. வாயில் வந்ததைச் சொல்லிவிடுவது அவருடைய பிறவிக் குணம். அக்குணம் அவருக்குப் பகைவரையும் தேடித் தந்தது. நண்பரையும் தேடித் தந்தது.

விடை வராத கடிதம்

ஓய்வு பெற்ற 1973-லேயே மிடில்ஸ்பரோ என்னும் தொழில் நகரத்துக் கிளப்பின் மானேஜரானார். முதல் வருஷத்திலேயே அக்கோஷ்டி இரண்டாம் டிவிஷனில் முதலிடம் பெற்றது; அடுத்து நின்ற கோஷ்டிக்கும் அதற்கும் இடைவெளி 15 புள்ளி. வெற்றிக்கு இரண்டே புள்ளி கொடுத்த அக்காலத்தில் அது பெரிய இடைவெளி. அவருக்கு அவ்வருஷத்தின் சிறந்த மானேஜர் என்னும் விருதும் கிடைத்தது. 1977 இறுதியில் ஷெபீல்ட் வெட்னஸ்டே கிளப்பை ஏற்றார். அது அப்போது மூன்றாம் டிவிஷனின் அடித்தட்டில் கிடந்தது. 1980-இல் அதை இரண்டாம் டிவிஷனுக்கு உயர்த்தினார்.

1977-இல் இங்கிலாந்துக் கோஷ்டியின் மானேஜர் பதவி காலியாயிற்று. சார்ல்டன் மனுப் போட்டார். உலகக் கோப்பை வென்றவர். மானேஜராயும் வெற்றி கண்டவர். வேலை கொடுப்பதும் கொடாததும் சங்கத்தாரின் உரிமை. ஆனால் அவர்கள் இல்லையென்றுகூட ஒரு வரி எழுதவில்லை. கடிதம் வந்து சேர்ந்ததென்ற விடைகூட இல்லை. இனி அப்பதவிக்கு மனுப் போடுவதில்லையென்று அவர் உறுதி கொண்டார். பெரிய ஸ்தாபனங்களின் கர்வம் பெரும்பாலும் இப்படித்தான் வெளிப்படுகிறது. அவை ஒருவனை வைவதில்லை. அவன் இருப்பதையே கவனிப்பதில்லை.

பின்பு 1984-இல், தாயாரின் குடும்பப் பெயர் மணக்கும் நியூகாஸில் கிளப்பை ஏற்றார். அவ்வருஷந்தான் சுரங்கத் தொழிலாளரின் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சுரங்க வீட்டுப் பிள்ளையாகிய அவர் தொழிலாளர் பக்கமே நின்றார். நியூகாஸில் கோஷ்டி முதல் டிவிஷனில் நிலைத்தது. ஆயினும் 1985 ஆகஸ்டில் ரசிகர்கள் அவரைப் பழித்துக் கூவினதால், அந்த இடத்திலேயே பதவியை உதறிவிட்டுப் போய்விட்டார். ஐம்பது வயதாகிய அவருக்கு இனி மீன்பிடிப்பதே வேலை என்று பலரும் நினைத்தனர்.

அயர்லாந்தின் அழைப்பு

அயர்லாந்தில் கால்பந்துக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. தேசிய உணர்ச்சியின் விளைவாக 1884-இல் அங்கே கேலிக் விளையாட்டுச் சங்கம் தோன்றிற்று. அந்நாட்டுக்கே உரிய ஆட்டங்களை வளர்ப்பது அதன் நோக்கம். கால்பந்து, ரக்பி, கிரிக்கெட் முதலியன ஆங்கிலப் பட்டாளத்தார் கொண்டுவந்தவையென்று கருதி, அவற்றை ஆடுவதையும் பார்ப்பதையும் தன் அங்கத்தினருக்கு அச்சங்கம் விலக்கியது. 1920 நவம்பர் 21-ஆம் தேதி அச்சங்கத்தின் குரோக் பார்க் மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, ஆங்கில அரசாங்கப் படையினர் புகுந்து சுட்டதில் 14 பேர் மாண்டனர். இத்தகைய நினைவுகளையுடைய சங்கம் தன் விலக்கைக் கண்டிப்பாகவே காத்துவந்தது. 1938-இல் தேசத்தின் ஜனாதிபதி டக்ளஸ் ஹைடே ஒரு சர்வதேசக் கால்பந்து ஆட்டத்தைக் காணச் சென்றதற்காக, சங்கத்தின் புரவலர் ஸ்தானத்திலிருந்து அவர் நீக்கப்பட்டார். அந்த விலக்கு 1971-இல்தான் எடுக்கப்பட்டது.

இவ்வாறு அரைமனத்தோடு வளர்ந்த ஆட்டத்தில் அயர்லாந்துக் கோஷ்டி, உலகக் கோப்பையின் இறுதிச் சுற்றையோ ஐரோப்பியக் கோப்பையின் இறுதிச் சுற்றையோ 1986 வரையில் கண்டதேயில்லை. அவ்வருஷம் பிப்ரவரியில் அயர்லாந்துக் கால்பந்துச் சங்கத்தார் கூடி வாக்கெடுத்து, சார்ல்டனைத் தங்கள் மானேஜராக நியமித்தனர். வேறு பெயர்களும் முன்னணியில் இருந்தன. வாக்கெடுப்பு ஒருமனதாய் நடக்கவில்லை. அயர்லாந்துக்காரரல்லாத ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதல் தடவை. அதிலும் ஆங்கிலேயர்; அதிலும் இங்கிலாந்துக்காக உலகக் கோப்பை வென்றவர். முணுமுணுத்தவர்கள் பலர். முதல் ஆட்டத்தில் வேல்ஸ் கோஷ்டியிடம் 1—0 என்று தோற்றது, முணுமுணுப்பை வளர்த்தது.

அவர் செய்தது இரண்டு காரியம். முதலாவது, ஆட்டத்தின் முறையை மாற்றினார். தம்மிடமிருந்த ஆட்களைக் கொண்டு பிரேஸிலைப்போல் பந்தை மெதுவாய்க் கைமாற்றி ஆட முடியாதென்று கண்டார். எதிரியின் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பின்னால் பந்தை நெடுக உதைக்க வேண்டும். அவர்கள் திரும்பி ஓடுகையில் நாலாபுறமும் நெருக்கிப் பிடுங்க வேண்டும். ஆட்டம் எதிரியின் பாதியிலேயே நடக்க வேண்டும். இதுவே திட்டம். இருபது வருஷம் தடுப்பாட்டக்காரராயிருந்தவருக்கு, தடுப்பாட்டக்காரன் எதை வெறுப்பான் என்பது நன்றாய்த் தெரிந்திருந்தது. தன் கோலை நோக்கித் திரும்பி ஓடுவதை அவன் வெறுப்பான். ராம்சேயின் பாடத்தையும் அவர் அனுசரித்தார். திட்டத்துக்குப் பொருந்துகிறவர்களையே எடுத்தார்.

இரண்டாவது காரியம் நம் நேயர்கள் கவனிக்கத் தக்கது. 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சகாலமுதல் அயர்லாந்து தன் பிள்ளைகளைக் கப்பலேற்றி அனுப்பிவந்த தேசம். இங்கிலாந்திலும் ஸ்காத்லாந்திலும் உள்ள தொழில் நகரங்களில் அவர்களுடைய மக்களும் பேரர்களும் லட்சக்கணக்கில் வாழ்ந்தனர். பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பிறந்த தேசத்துக்கு ஒருவர் ஆடலாமென்று சர்வதேச விதி இடங்கொடுத்தது. சார்ல்டனுக்கு முன்னும் இவ்விதி கையாளப்பட்டதுண்டு. அவரோ அதை முழுமூச்சாய்க் கையாண்டார். கிளாஸ்கோவில் பிறந்த ரே ஹௌட்டனின் தகப்பனார் டானகால் ஜில்லாக்காரர். லிவர்பூலில் பிறந்தவர் ஜான் ஆல்ட்ரிட்ஜ். இத்தகையோரைத் தேடித் திரட்டினார். இது வாடகைக் கோஷ்டி என்று பரிகசித்தவர்களும் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. வறுமையால் வெளியேறினவனின் பேரன் ஆங்கில உச்சரிப்போடு பேசுவது அவன் குற்றமா? அவனைக் கப்பலேற்றிய சரித்திரத்தின் குற்றமன்றோ? வெளியே போனவர்களும் நம்மவரே என்று ஒரு தேசம் ஏற்றுக்கொள்ள, ஓர் ஆங்கிலேயர் வழி காட்டினார் என்பதே இதில் விந்தை.

ஸ்டுட்கார்ட், ஜெனோவா

1987 நவம்பரில் ஸ்காத்லாந்துக் கோஷ்டி பல்கேரியாவை அதன் தலைநகரிலேயே 1—0 என்று வென்ற காரணத்தால், அயர்லாந்து ஐரோப்பியக் கோப்பை இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றது. 1988 ஜூன் 12-ஆம் தேதி ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த முதல் ஆட்டத்தில் எதிர்ப்பட்ட கோஷ்டி எது? இங்கிலாந்தே. ஆறாவது நிமிஷத்தில் ஹௌட்டன் தலையால் முட்டிக் கோல் போட்டார். மீதி நேரமெல்லாம் ஆங்கிலேயர் முற்றுகையிட்டனர். கோல் காவலர் பாக்கி பானரும் தடுப்பாட்டக்காரர்களும் அசையவில்லை. அயர்லாந்து 1—0 என்று வென்றது. பதினொரு வருஷத்துக்கு முன் விடை வராத கடிதத்துக்கு அன்று விடை கிடைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

1990 உலகக் கோப்பை இத்தாலியில் நடந்தது. இங்கிலாந்து, எகிப்து, ஹாலந்து ஆகிய மூன்றோடும் சமநிலை. ஜெனோவா நகரில் ருமேனியாவோடு கோலே இல்லாத ஆட்டம். முடிவில் பெனால்ட்டி உதைகள். பானர் ஒன்றைத் தடுத்தார். அயர்லாந்தின் கடைசி உதையை உதைக்க வந்தவர் டேவிட் ஓலியரி. 1986-இல் கடைசி நேரத்தில் வந்த அழைப்பை ஏற்று ஐஸ்லாந்துப் பயணத்துக்கு வராததற்காக, இரண்டு வருஷத்துக்கு மேல் மானேஜர் ஒதுக்கி வைத்திருந்த அதே ஓலியரிதான். அவர் பந்தை வலைக்குள் சேர்த்தார். அயர்லாந்து கால் இறுதியை அடைந்தது. ரோமாபுரியில் இத்தாலியிடம் 1—0 என்று தோற்றுத் திரும்பிய கோஷ்டியை வரவேற்க ஜூலை 1-ஆம் தேதி டப்ளின் வீதிகளில் லட்சக்கணக்கான ஜனங்கள் திரண்டனர். சிறையிலிருந்தபோதே தமக்கு அளிக்கப்பட்ட நகரக் கௌரவத்தை நேரில் ஏற்கும்பொருட்டு நெல்ஸன் மண்டேலா அன்றுதான் டப்ளினுக்கு வந்திருந்தார். அதே நகரக் கௌரவத்தை டப்ளின் மக்கள் 1994-இல் சார்ல்டனுக்கும் அளித்தனர்.

எதிர்க்கட்சி வாதம்

வக்கீல் தொழிலின் பழக்கத்தால், எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லாமல் விட நமக்கு மனமில்லை. இந்தக் கோஷ்டியின் ஆட்டம் அழகற்றது என்று பலர் குறை கூறினர். ஐந்து ஆட்டத்தில் இரண்டே கோல் போட்டு, ஓர் ஆட்டத்தையும் நேரில் வெல்லாமல் கால் இறுதிக்குப் போனதைக் கொண்டாடலாமா என்றனர். முன்னாள் ஆட்டக்காரரும் எழுத்தாளருமான ஈமன் டன்பி, எகிப்து ஆட்டத்தைக் கண்டு மனம் வெதும்பி டெலிவிஷனில் பேனாவை வீசி எறிந்தார். அயர்லாந்து பெற்றெடுத்த மிகச் சிறந்த கலைஞர்களில் ஒருவர் லியாம் பிராடி. 1989 செப்டம்பரில் மேற்கு ஜெர்மனிக்கெதிரான ஆட்டத்தில் பாதி நேரம் ஆகுமுன்பே அவரைச் சார்ல்டன் வெளியே அழைத்துக்கொண்டார். அத்தோடு அவருடைய தேசிய ஆட்ட வாழ்வு முடிந்தது. ஒரு தேசத்தின் கலைஞனை அவனுடைய ஜனங்களின் முன்னிலையில் அவ்வாறு நடத்தியது கொடுமையே. திட்டத்துக்காக மனிதரைத் தெரிந்தெடுப்பவன், திட்டத்துக்குப் பொருந்தாத மேன்மையை இழந்துவிடுகிறான். இதை மறுக்க நாம் முன்வரவில்லை.

ஆனால் மறுபக்கமும் உண்டு. பால் மக்ராத் என்பவர் லண்டனில் பிறந்து டப்ளின் அநாதை விடுதிகளில் வளர்ந்த கறுப்பு நிறத்து அயர்லாந்துக்காரர், முழங்கால்கள் பழுதானவர், மதுவின் பிடியில் சிக்கித் தவித்தவர். குறித்த இடத்துக்கு வாராமல் பலமுறை கைவிட்டவர். பிராடியிடம் இரக்கமற்றிருந்த அதே மானேஜர், மக்ராத்தைத் தகப்பனைப்போல் பொறுத்துக் காத்தார். 1994 ஜூன் 18-ஆம் தேதி அமெரிக்காவில் இத்தாலியை அயர்லாந்து 1—0 என்று வென்றபோது, தடுப்பரணாய் நின்று ஆடியவர் மக்ராத்தே. அவ்வாட்டத்தைக் கண்டவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள்.

அன்றிரவுதான் வேறொன்றும் நடந்தது. வட அயர்லாந்தின் லாப்பினிலண்ட் என்னும் சிற்றூரில், மதுக்கடையொன்றில் அமர்ந்து அந்த ஆட்டத்தை டெலிவிஷனில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்மீது ஆயுதபாணிகள் புகுந்து சுட்டனர். ஆறு பேர் மாண்டனர். அவர்களில் ஒருவர் 87 வயது முதியவர். பந்தாட்டம் பகைமையைத் தீர்க்கும் மருந்தென்று எளிதாய்ப் பேசுவோர் இதை நினைவில் வைக்க வேண்டும். 1995 பிப்ரவரியில் டப்ளினில் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடந்த ஆட்டம், ஆங்கிலக் குண்டர்கள் பலகைகளையும் நாற்காலிகளையும் பெயர்த்தெறிந்த கலகத்தால் 27 நிமிஷத்தில் நின்றுபோயிற்று. அவர்களில் சிலர் சார்ல்டனை யூதாஸ் என்று கூவினர். தாய்நாட்டுக்காக உலகக் கோப்பை வென்றவருக்குத் தாய்நாட்டார் சிலர் தந்த பட்டம் அது. ஒரு தேசத்துக்கு உண்மையாய் உழைப்பது மற்றொரு தேசத்துக்குத் துரோகம் என்று நினைப்பவர்களின் தேசபக்தி எத்தகையது என்பதை அன்று உலகம் கண்டது.

நமது தீர்ப்பு

1995 டிஸம்பர் 13-ஆம் தேதி லிவர்பூலில் ஹாலந்திடம் 2—0 என்று தோற்றதோடு சார்ல்டனின் பதவிக்காலம் முடிந்தது. தோற்ற பிறகும் அயர்லாந்து மக்கள் மைதானத்தை விட்டுப் போகாமல் பாடிக்கொண்டே நின்றனர். அவர் வெளியே வந்து கையசைத்து விடைபெற்றார். 1996-இல் அயர்லாந்து அவருக்குக் கௌரவப் பிரஜாவுரிமை வழங்கிற்று. அவருக்குப் பின் அப்பதவியை ஏற்றவர், அவரிடமே தடுப்பாட்டக்காரராயும் 1990-இல் காப்டனாயும் இருந்த மிக் மக்கார்த்தி. அவர் 2002-இல் அயர்லாந்தை மறுபடியும் உலகக் கோப்பைக்கு அழைத்துச் சென்றார். சார்ல்டன் 2020 ஜூலை 10-ஆம் தேதி தமது 85-ஆம் வயதில் காலமானார். இறுதி வருஷங்களில் நினைவு தப்பும் நோய் அவரைப் பீடித்திருந்தது. அவர் மறந்த நாட்களை அயர்லாந்து மறக்கவில்லை.

இப்போது முதற்கேள்விக்கு வருவோம். ஆங்கிலேயரின் சிலையைத் தகர்த்த தேசம் ஆங்கிலேயருக்குச் சிலை எடுத்தது முரண்பாடா? இல்லையென்பதே நமது தீர்ப்பு. டப்ளின் கோட்டையில் 1922 வரையில் ஆங்கில அரசரின் பிரதிநிதிகள் ஒருவர்பின் ஒருவராய் வீற்றிருந்தனர். அவர்களிலும் நல்லவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் அனுப்பப்பட்டவர்கள். அவர்களை நியமித்ததும் லண்டன், கணக்குக் கேட்டதும் லண்டன், விலக்கியதும் லண்டன். சார்ல்டனோ அழைக்கப்பட்டவர். அயர்லாந்துக்காரர் வாக்களித்து அவரை வைத்தனர். தோற்றால் அவர்களே நீக்கியிருப்பர். டன்பி பேனாவை எறியலாம்; பத்திரிகைகள் ஏசலாம்; ஜனங்கள் கூவலாம். அவ்வளவையும் அவர் தாங்க வேண்டியிருந்தது. அதிகாரம் அந்த ஜனங்களிடம் இருந்தது; உழைப்பு மட்டுமே அவரிடம் இருந்தது. சுதந்தரமுள்ள தேசம் எந்த நாட்டாரையும் வேலைக்கு அழைக்கலாம். அதனால் அதன் மானம் குறையாது. சுதந்தரமற்ற தேசத்துக்கோ எத்தனை உத்தமமான அந்நியர் வந்தாலும் அவர் எஜமானரே.

நம் தேசத்தில் ஊழியம் செய்வோரும் இதிலிருந்து ஒன்று கற்கலாம். நம்மிடையே ஒரு காரியத்துக்கு ஆள் தேடும்போது, அவர் எந்த ஜில்லாக்காரர், எந்த ஜாதிக்காரர், எந்தப் பாஷை பேசுகிறவர் என்றே முதலில் கேட்கிறோம். அவரை வைக்கவும் விலக்கவும் நமக்கு உரிமை உண்டா, அவர் நம்முடைய வெற்றியைத் தம் வெற்றியாய்க் கருதி உழைப்பாரா என்று கேட்பதே முறை. முதற் கேள்விக்கு உண்டென்றும் இரண்டாவதற்கு ஆமென்றும் விடை வருமானால், அவர் பிறந்த ஊரை அதன்பின் விசாரித்துக்கொள்ளலாம். கார்க் நகரத்தார் அப்படித்தான் விசாரித்தார்கள் போலும். ஆஷிங்டன் சுரங்கத் தொழிலாளியின் மகன் அங்கே தூண்டிலோடு இருக்கிறார். அந்நகரத்து விமான நிலையத்தில் வந்திறங்குவோர் அவரைக் கடந்து தங்கள் வீட்டுக்குப் போகிறார்கள்.